வளைவு இருக்கட்டும், தாழ்ப்பாள் எங்கே?

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர் பொறுப்புக்கு முன்வந்திருக்கும் நான்கு பெற்றோர்களுக்கு,

2024 ஆகஸ்டில் அமைந்த குழுவின் இரண்டாண்டுக் காலம் முடிகிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் நால்வரும் போட்ட வாக்குறுதிகளை ஒரு வரி விடாமல் படித்தோம். நுழைவு வளைவு மூன்று பேரிடம் இருக்கிறது. கலையரங்க மேடை இரண்டு பேரிடம். சிசிடிவி கேமரா நால்வரிடமும். ஆய்வகம், கழிப்பறை, ஆசிரியர் காலியிடம் ஆகிய மூன்றும் ஒருவரிடமும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இதை எழுதுகிறவர்கள் இந்தப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் சிலர், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர், ஆய்வக உதவியாளராக இருந்த ஒருவர். எங்களில் யாரும் போட்டியில் இல்லை.

முதலில் பொறுப்பு என்னவென்று பார்ப்போம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு மேலாண்மைக் குழுவுக்குச் சொல்லும் வேலைகள் முக்கியமாக மூன்று: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, வருகிற மானியம் எதற்குச் செலவாகிறது என்று பார்ப்பது. எட்டாம் வகுப்பு வரைக்கான அந்தச் சட்டத்தின் குழு தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இருக்கிறது. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆண்டு விழாவில் மேடையேறி மாலை வாங்குவது சட்டத்தில் எந்த உட்பிரிவிலும் இல்லை.

இனி ஆய்வகம். பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து இரண்டு சோதனைகள் இருக்கின்றன: முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண், கீற்றணியைக் கொண்டு ஒளியின் அலைநீளம். நம் பள்ளியில் இருப்பது இரண்டு கருவி. அதில் ஒன்றின் வெர்னியர், அதாவது கோணத்தைப் படிக்கும் அளவுகோல், சிதைந்துவிட்டது. 48 பேர் இருக்கும் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தாலும் ஒரு கருவியைச் சுற்றி 24 பேர். கண்ணை வைத்துப் பார்ப்பவன் ஒருவன், மற்றவர்கள் அவன் முதுகைப் பார்க்கிறார்கள். நான்கு பேருக்கு ஒன்று என்றால் 24 பேர் அணிக்கு ஆறு கருவி வேண்டும். ஆடம்பரக் கணக்கு இல்லை இது. நான்கு பேருக்கு மேல் போனால் யாரும் கை வைத்துச் செய்வதில்லை.

நேரக் கணக்கு இதைவிட மோசம். சோடியம் விளக்கு முழு வெளிச்சத்துக்கு வரப் பத்து நிமிடம் வரை ஆகும். தொலைநோக்கியைத் தூரத்துப் பொருளுக்குக் குவியப்படுத்தி, பிளவைச் சரிசெய்து, முப்பட்டக மேடையை மட்டமாக்க, புதிதாகச் செய்கிற பிள்ளைக்கு இருபது நிமிடம். பிள்ளைகள் வகுப்பிலிருந்து வந்து சேர்ந்து நிற்க ஐந்து நிமிடம். 45 நிமிடப் பீரியடில் மிச்சம் பத்து நிமிடம். அதற்குள் சிறுமத் திசைமாற்றக் கோணத்தை இரண்டு வெர்னியரிலும் படித்து எழுத முடியாது. எனவே செய்முறைக்கு இரண்டு பீரியடைச் சேர்த்துப் போட வேண்டும், வகுப்பு தொடங்குமுன்பே விளக்கை ஏற்றி வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆய்வக உதவியாளர். நம் பள்ளியில் அவர் அலுவலக அறையில் எமிஸ் என்ற இணைய மாணவர் பதிவேட்டில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவர்மேல் குறை சொல்லவில்லை. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

வேதியியலுக்கு வாருங்கள். "கெமிக்கல் வாங்கப் பணம் இல்லை" என்று இரண்டு வருடமாகக் கேட்கிறோம். பருமனறி பகுப்பாய்வுக்கு 0.1 நார்மல் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் ஒரு லிட்டருக்கு 3.16 கிராம். ஒரு மாணவர் இரண்டு தரம்பார்த்தல் செய்து, ஒவ்வொன்றிலும் மூன்று அளவீடு எடுத்தால் சுமார் 120 மில்லி செலவாகும். கரைசலை அளந்து விடும் குழாயான பியூரெட்டைக் கழுவுவதையும் சேர்த்து 40 பேருக்கு ஐந்தரை லிட்டர் என்று வையுங்கள். மொத்தம் 18 கிராமுக்குள் முடிந்துவிடும். அரை கிலோ புட்டி ஒன்று இருந்தால் இருபத்தைந்து வகுப்புக்கு மேல் ஓடும். பணம் இல்லை என்பது இந்தக் கணக்கின் முன் நிற்காது.

உண்மையில் கெடுவது வேறு இடத்தில். ரப்பர் குழாயும் கிளிப்பும் வைத்த மலிவுப் பியூரெட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். பெர்மாங்கனேட் ரப்பரை அரிக்கும், அளவும் தப்பும். அதற்குக் கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்தான் வேண்டும். அந்தத் திருகில் துளி வாசலின் தடவாமல் ஒரு கோடை விடுமுறை முழுக்க விட்டால் ஜூனில் இறுகிப்போயிருக்கும், திருகப் போனால் உடையும். இரும்பு உப்புக் கரைசலை நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும், முந்தின நாள் கலந்து வைத்தால் காற்றில் ஆக்சிஜனேற்றமாகி விடை தப்பும். குடுவையில் அமிலம் போதாவிட்டால் இளஞ்சிவப்பு வராமல் பழுப்பாகக் கலங்கும், பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்காமல் தொடங்கினால் நிறம் போகவே நேரம் பிடிக்கும். நம் ஆய்வகத்தில் கேஸ் சிலிண்டர் காலியாகிக் கிடக்கிறது. தொட்டியின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதால் பக்கெட் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் கேட்பதில்லை தெரியுமா? செய்முறை உள்ள ஒரு பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையின் இருபதும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் விழுந்துவிடுகிறது. ரெக்கார்டு நோட்டு முந்தைய வருட நோட்டைப் பார்த்து எழுதப்படுகிறது. மதிப்பெண் வந்துவிட்டதால் பெற்றோருக்குக் குறை தெரியாது. அதே பிள்ளை பொறியியல் கல்லூரியில் முதல் பருவ ஆய்வகத்தில் நிற்கும்போதுதான் தெரியும், அப்போது கேட்க நம் பள்ளியில் ஆள் இருக்காது. அந்த இருபது மதிப்பெண் நம் பிள்ளைகளுக்குத் தரும் சலுகை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது நம் வாயை அடைக்கிற மதிப்பெண்.

கழிப்பறைக்கு வருவோம். தூய்மைப் பள்ளிக்கான மத்திய அரசின் கையேடு 40 மாணவருக்கு ஒரு மலக்கழிப்பிடமும் மூன்று சிறுநீர்க்கழிப்பிடமும் என்கிறது. மாணவிகள் 320 பேர் என்றால் எட்டும் இருபத்து நான்கும், மொத்தம் 32 இடம். இடைவேளை பத்து நிமிடம், ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு இடத்தில் ஐந்து பேர் போகலாம், ஆக 160 பேர். கையேட்டின்படி கட்டியிருந்தாலும் பாதிப் பேர் திரும்பி வகுப்புக்குப் போகிறார்கள். நம் பள்ளியில் கட்டியிருப்பதோ எட்டுக் கதவு. மூன்றில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு வெளியே தோழி காவல் நின்றாக வேண்டும், அவளுடைய இடைவேளையும் போச்சு. காலையில் தண்ணீர் குடிக்காமல் வரும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

இதில் பைசா செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. ஆறு முதல் எட்டு வரை முதலில், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பத்து நிமிடம் கழித்து என்று இடைவேளையைப் பிரித்தால் கூட்டம் பாதியாகும். கால அட்டவணையில் ஒரு கோடு மாற்றினால் போதும். எட்டுக் கதவைக் கூட்ட முடியவில்லை என்றால், அந்தக் கோட்டையாவது மாற்றுங்கள்.

தாழ்ப்பாள் விஷயத்திலும் காரணம் தெரிந்து வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுத் தாழ்ப்பாள் வாங்கி அடிக்கிறார்கள், மூன்று மாதத்தில் கழன்றுவிடுகிறது. தாழ்ப்பாள் மேல் தப்பில்லை. தண்ணீர் பட்டுப் பட்டு ஒட்டுப்பலகைக் கதவு ஊறிப்போயிருக்கிறது, திருகாணிக்குப் பிடிமானம் கிடையாது. பிவிசி கதவு போட்டு, திருகாணிக்குப் பதில் மறுபக்கம் வரை ஊடுருவும் போல்ட் நட்டு வைத்து முடுக்கினால் நிற்கும். நாப்கின் எரிக்கும் இயந்திரமும் இப்படித்தான்: அதன் கொள்ளளவுக்கு மேல் திணித்தால் கம்பிச்சுருள் போய்விடும், சாம்பல் தட்டைக் காலி செய்யாவிட்டாலும் சரியாக எரியாது. இரண்டையும் யாராவது ஒருவர் பெயரில் எழுதி வைக்காமல் இயந்திரம் மட்டும் வாங்கினால் அடுத்த வருடம் அது ஒட்டடை பிடிக்கும் பெட்டி.

தண்ணீரைப் பார்க்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். அப்போது எல்லாப் பள்ளியிலும் தண்ணீர் வரும். மதியம் இரண்டரைக்குப் போய்த் தொட்டியிலிருந்து கடைசியாக இருக்கும் குழாயைத் திறந்து பாருங்கள். பகல் பள்ளிக்கு ஒரு தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதிகளின் அளவு. 600 பேருக்கு 27,000 லிட்டர். மாடியில் இருப்பது 2,000 லிட்டர் தொட்டி இரண்டு. மோட்டார் போடுவது காலையில் ஒரு தடவை. கணக்கு எங்கே உதைக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர் காலியிடத்தில் உங்களுக்கு நேரடி அதிகாரமே உண்டு. 2022 ஜூலையிலிருந்து நிரந்தர ஆசிரியர் வரும்வரை தற்காலிக ஆசிரியரை மேலாண்மைக் குழு வழியாக எடுக்கலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. தொகுப்பூதியம் முதுகலை ஆசிரியருக்கு முதலில் 12,000 ரூபாயாக இருந்து பிறகு 18,000 ஆனது. இதில் கெடுவது காலம். ஜூனில் பள்ளி திறக்கும், அனுமதி வரும், விளம்பரம் போடுவார்கள், ஆள் சேரும்போது காலாண்டுத் தேர்வு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கும். பொதுத் தேர்வு மார்ச், அதற்கு முன் செய்முறை, அதற்கு முன் திருப்புதல் தேர்வுகள். பாடம் நடத்தக் கிடைப்பதே ஏழு மாதம். அதில் இரண்டு மாதம் போனால் பிள்ளை எதைப் படித்து எழுதும்? இன்னொன்றையும் சங்கடத்தோடு சொல்கிறோம்: அந்த இடத்துக்கு உறுப்பினரின் உறவுக்காரர் வந்து சேருவது பல ஊரில் நடக்கிற கதை. அறிவிப்பு பள்ளிச் சுவரிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும், வந்த மனுக்களின் தகுதியை வரிசையாக எழுதிக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

பிளஸ் ஒன் பொதுத் தேர்வு 2025-26 முதல் இல்லை. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் 2017-18இல் அந்தத் தேர்வைக் கொண்டுவரக் காரணமே, சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தியதுதான். அந்தப் பழைய வியாதி திரும்பக்கூடாது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து நிறையவே கேட்பார்கள். மாதத்துக்கு ஒரு தடவை நாலு பிள்ளைகளின் பிளஸ் ஒன் நோட்டை வாங்கித் தேதியைப் பாருங்கள், போதும்.

குரூப் ஒதுக்கீட்டிலும் ஒரு கண் வையுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இன்னாருக்கு இன்ன குரூப் என்று அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். எந்தக் குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்கு வழி அடைபடும் என்று ஒரு பக்கத் தாளில் அச்சடித்து, தேர்வு முடிவு வரும் முன்பே பெற்றோர் கையில் கொடுக்கலாம். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று அதற்கு அடிப்படை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அதுவே. நடுவில் ஊர் மாறிய பிள்ளைக்கு எமிஸில் ஒரு வருடம் விடுபட்டிருந்தால் கலந்தாய்வு நேரத்தில் அலைய வேண்டிவரும். ஒன்பதாம் வகுப்பிலேயே சரிபார்த்தால் அது ஒரு நாள் வேலை.

மாலைச் சிறப்பு வகுப்பு முடியும் நேரமும் கடைசிப் பேருந்து நேரமும் ஒத்துப்போகவில்லை என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பணிமனை மேலாளருக்குக் குழுத் தீர்மானத்தோடு மனு கொடுக்க ஒரு ஆள் போனால் நடக்கும்.

பாலியல் புகார் ஒன்று வந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. குழுத் தலைவர் சமாதானத் தூதராகப் போகவே கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டும் சுவரில் அழியாமல் இருக்கிறதா, மாணவர் மனசு என்ற புகார்ப் பெட்டியை யார் திறக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேளுங்கள். குழுவில் பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் உரிய இடம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான், தயவு அல்ல. ஒரே தெருவில் உறுப்பினர் பட்டியல் முடிந்துவிட்டால் மற்றத் தெருப் பிள்ளையின் புகார் பெட்டி வரைக்கும்கூட வராது.

பணம் பற்றி. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் பள்ளி மானியத்தில் 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 75,000 ரூபாய், அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு. 600 பேர் படித்தால் தலைக்கு 125 ரூபாய். மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத தகராறில் 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டதில் இந்தக் குறைந்த தொகையும் இழுபறியானது. இந்த நிலையில் முன்னாள் மாணவர்களிடம் வளைவுக்கு வசூல் செய்வது எப்படி நியாயம்? கொடையாளருக்குப் பெயர் தெரிய வேண்டும் என்பது புரிகிறது. ஸ்பெக்ட்ரோமீட்டர் பெட்டிமேல் பெயர் எழுதுங்கள். கருவி ஓடுகிற காலமெல்லாம் பிள்ளைகள் படிப்பார்கள்.

இப்போது தீர்மானப் புத்தகம். முடிகிற குழுவின் புத்தகத்தில் "ஆய்வக வசதியை மேம்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி எழுதினால் மேலே இருக்கிறவர் எதை அனுப்புவார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "இயற்பியல் ஆய்வகத்துக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் தேவை 6. இருப்பு 2, அதில் 1 வெர்னியர் பழுது. புதிதாக 4 வாங்கவும் 1 பழுதுபார்க்கவும் தீர்மானிக்கப்பட்டது. மூன்று கடைகளின் விலைப்புள்ளி இணைக்கப்பட்டுள்ளது. பொறுப்பு: இயற்பியல் முதுகலை ஆசிரியரும் உறுப்பினர் இன்னாரும். அடுத்த கூட்டத்தில் நிலவரம் சொல்ல வேண்டும்." தேவை, இருப்பு, பொறுப்பு, தேதி ஆகிய நான்கும் இல்லாத தீர்மானம் கையெழுத்து வாங்கிய காகிதம், அவ்வளவுதான். தீர்மானத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் பதிவேற்றியதோடு வேலை முடிந்ததாகவும் நினைக்க வேண்டாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர் நாளில் மனு, அதன் ரசீது எண்ணை வைத்து 10 ரூபாயில் தகவல் உரிமை விண்ணப்பம், 30 நாளில் பதில். சுற்றுச்சுவர், வடிகால் போன்றவற்றை ஊராட்சி உறுப்பினர் வழியாகக் கிராம சபைத் தீர்மானத்திலும் ஏற்றுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது.

எனவே உங்கள் நால்வரிடமும் நாங்கள் கேட்பது இவை. தேர்தல் நாளுக்கு முன், ஒரு மதிய நேரத்தில் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி ஆய்வகங்களையும் கழிப்பறைகளையும் சேர்ந்தே போய்ப் பாருங்கள். பார்த்ததை எண்ணிக்கையோடு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். இடைவேளையைப் பிரிப்பதற்கும், செய்முறைக்கு இரட்டைப் பீரியட் ஒதுக்குவதற்கும், ஆய்வக உதவியாளர் ஆய்வகத்துக்கே திரும்புவதற்கும் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவருவீர்களா என்று ஆம், இல்லை என்று எழுதுங்கள். கழிப்பறைக் கதவுகளை எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்றும் எழுதுங்கள். காலிப் பணியிடப் பட்டியலை ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசி வாரத்தில் வாங்கி, பள்ளி திறக்கும் நாளில் சுவரில் ஒட்ட வேண்டும். மானியம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்ற ஒரு பக்கக் கணக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே சுவருக்கு வர வேண்டும். வளைவுக்கு இதுவரை யாராவது பணம் கொடுத்திருந்தால் அவரிடம் பேசி அதை ஆய்வகத்துக்கு மாற்றக் கேளுங்கள். கேட்க உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் எங்களில் இருவர் கூட வருகிறோம்.

பதில் ஒரு வாரத்துக்குள் வாட்ஸ்அப் குழுவிலேயே வரட்டும். பதில் எழுதாதவர் பெயருக்கு நேரே "பதில் இல்லை" என்று எழுதிப் பள்ளி வாசலில் வைப்போம்.

பெற்றோர், முன்னாள் ஆசிரியர், முன்னாள் ஆய்வக உதவியாளர்